வழி விடுகிறவர் பக்கம்

"சைடு ஸ்டாண்டை எடுங்கள். கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகுதான் கிளம்ப வேண்டும்."

சூலூர் நன்னடைப் பள்ளியில் என் காலை இப்படித்தான் விடியும். மைதானத்தில் வெள்ளைக் கோடுகளும் வரிசையாக மின்பைக்குகளும் இருக்கும். புதுத் தலைக்கவசத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் புதியவர்கள் நிற்பார்கள். வண்டியை ஓட்டச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வாரம் போதும். மாதத்தின் மிச்ச நாளெல்லாம் மரியாதையாக ஓட்டுவது எப்படி என்பதற்குத்தான். முந்தப் பார்க்கிறவருக்கு வேகத்தைக் குறைத்து இடம் கொடு. வழி விட்டவருக்குத் தலையசை. ஹாரனைத் தொடாதே. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகு. எவன் வம்புக்கு வந்தாலும் நீ ஒதுங்கு. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

காரும் லாரியும் பஸ்ஸும் தானே ஓடும் தன்னோடிகளாக மாறிவிட்ட பிறகு, சாலையில் மனிதக் கை ஓட்டுவது இருசக்கர வண்டியை மட்டும்தான். தன்னோடி வாங்க வக்கில்லாதவர்களும், தன்னோடிப் பேருந்து எட்டிப் பார்க்காத உள்கிராமத்துக்காரர்களும் பைக்கில் போகிறார்கள். எங்கள் தலைக்கவசத்துக்குள் காதும் கண்ணும் உண்டு. எப்படி வளைக்கிறோம், யாரைத் திட்டுகிறோம், யாருக்கு வழி விடுகிறோம் என்பதையெல்லாம் அது பாதைமதிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாலையில் போகிற எல்லாத் தன்னோடிகளுக்கும் மூளை அந்தப் பாதைமதி. பதிலுக்கு அது கவசத்தின் பின்மண்டையில் ஒரு விளக்கை எரிய விடும். அதன் பெயர் நன்னடை விளக்கு. பண்பாக ஓட்டினால் பச்சை, முரண்டு பிடித்தால் சிவப்பு, இரண்டுங்கெட்டான்களுக்கு மஞ்சள்.

பச்சைக்காரர்களுக்குக் கோயில் வாசல் வரை வண்டி நிறுத்த இடம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால், "மாப்பிள்ளை பச்சைதானுங்களே?" என்று கேட்டுவிடுகிறார்கள். பள்ளியில் கட்டணமும் கிடையாது. தன்னோடி உரிமையாளர் சங்கம் எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது. நல்ல மனம் படைத்தவர்கள் என்று நானும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாத வகுப்பில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவர் காளியண்ணன். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். லாரிகள் தானே ஓடத் தொடங்கியதும் வேலையை இழந்து, அறுபதைத் தொடும் வயதில் இரண்டு சக்கரத்துக்கு வந்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் அவருடைய கட்டைவிரல் ஹாரன் எங்கே என்று தேடும்.

"ஏனுங் மேடம், ஹாரன் அடிக்காம எப்படீங்க வண்டி ஓட்டறது? நான் வர்றது அவனுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

"அதுக்குத் தெரியுமுங்க. உங்க நாடி எப்படித் துடிக்குதுன்னுகூட அதுக்குத் தெரியும். நீங்க பேசாம வெலகிப் போங்க."

"வெலகோணுமா? நானா? அவனை வெலகச் சொல்லுங்க!" என்பார். முதல் நாளே அவருடைய விளக்கு ரத்தச் சிவப்பு.

இன்னொருத்தி என் அக்கா கருணாம்பிகா. எங்கள் அம்மா அவிநாசியில் வேண்டிக்கொண்டு அம்மன் பெயரையே அவளுக்கு வைத்தாள். நான் பிறப்பதற்குள் வேண்டுதல்கள் தீர்ந்துபோய், போனில் தேடி எனக்கு ரிதன்யா என்று வைத்தார்கள். மாமா இறந்த பிறகு அக்கா என்னோடுதான் இருந்தாள். பல்லடத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ், தன்னோடியான பிறகு, தெருவில் கோடு போடவில்லை என்று சொல்லி வராமல் நின்றுவிட்டது. வேலையை விட முடியாது. அதனால் ஐம்பதை நெருங்கும் வயதில் தங்கையிடம் பைக் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள்.

அவளைப் போல ஒரு மாணவி எனக்கு அமைந்ததில்லை. இயல்பிலேயே ஒதுங்கிப் போகிறவள். ஆளில்லாத தன்னோடி லாரி பின்னால் வந்தால்கூடக் கையைத் தூக்கி, "போங்க சாமி, நீங்க போங்க" என்பாள். எவனாவது சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போனால் அவன் பின்னாலேயே விரட்டிப் போய், "தம்பி, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டுத் திரும்புவாள். அவளுடைய விளக்கு முதல் நாளே பச்சை. மாதக் கடைசியில் அது புது நெல் நாற்று மாதிரி பளிச்சென்று எரிந்தது. காளியண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்ன மாயமுங்க அது? எனக்கு மஞ்சளுக்கே மூச்சு வாங்குது."

"மாயமெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. எல்லாருக்கும் வீட்டுல ஆள் காத்துட்டிருப்பாங்க, அவிங்க மொதல்ல போகட்டும்னு நெனச்சுக்குவேன், அவ்வளவுதானுங்க" என்றாள் அக்கா. அவர் அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார்.

இருவருக்கும் உரிமம் கிடைத்தது. அக்கா பல்லடம் போய்வரத் தொடங்கினாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைக்கு ஆயுசு குறைவு. தலைக்கவசங்களைப் புதுப்பிக்கச் சங்கத்திலிருந்து தர்ஷன் என்ற பொறியாளர் வந்திருந்தார். சின்ன வயது, நல்ல பையன். வேலை முடிந்ததும் பள்ளி வாசலில் நின்று டீ குடித்தோம். பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

"இத்தனை செலவு பண்ணி எங்களுக்கு மரியாதை சொல்லிக்குடுக்கறதுல உங்க சங்கத்துக்கு என்னங்க தம்பி லாபம்?"

"லாபம் இல்லாம பண்ணுவாங்களாக்கா? ஒரு லாரி போகுது. குறுக்க நாய் வருது. வண்டியை ஒடிச்சே ஆகோணும். எந்தப் பக்கம் ஒடிக்கும்?"

"ஆள் இல்லாத பக்கம்."

"ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா?"

அவரே சொன்னார்.

"யார் வெலகுவாங்களோ அந்தப் பக்கம். பச்சை வெளக்குக்காரங்க கண்டிப்பா வெலகுவாங்க, நம்பி ஒடிக்கலாம். செவப்பு வெளக்குக்காரன் வெலக மாட்டான், நேரா வந்து முட்டுவான். முட்டுனா விபத்துங்க. வெலகிட்டா அது விபத்து இல்லை, ஒதுங்கல். வண்டிக்கும் சேதமில்லை, கேசும் இல்லை. நீங்க பச்சைக்காரங்களை அனுப்ப அனுப்ப விபத்து எவ்வளவு கொறஞ்சிருக்குது தெரியுங்களா?"

"வெலகி அவங்க எங்க போவாங்க?"

"எடம் இருக்கற பக்கம்."

"எடம் இல்லாட்டி?"

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அதில் ஊதுவதற்கு ஆவியே இல்லை.

"இதெல்லாம் மறைச்சு வெக்கலீங்கக்கா. சங்கத்து வலைத்தளத்துலயே போட்டிருக்குது. யார் படிக்கறாங்க?"

"அப்ப எல்லாரும் செவப்பாயிட்டா?"

"வெளக்கு உங்க பார்வைக்குத்தான். பாதைமதிக்கு நெறமே கெடையாது. பக்கத்துல இருக்கறவங்களைவிட யார் எளகுன ஆள்னு மட்டும்தான் பாக்கும். ஊரே பிசாசா ஆனாலும், அதுல கொஞ்சம் நல்ல பிசாசு எதுன்னு அதுக்குத் தெரியுமுங்க."

என்னிடம் படித்துவிட்டுப் பள்ளத்தில் கிடந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாருக்கும் நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாரும் பச்சை. விதி என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை அக்கா வேலையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நாளையிலிருந்து ஹாரன் அடிக்க வேண்டும், நடுப்பாதையில் போக வேண்டும், எவனுக்கும் வழி விடக் கூடாது என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் வெலகாட்டி அது வேற யார் மேலயாவது போகுமில்ல கண்ணு?"

"போகட்டும்! உனக்கென்ன? நீ யாருன்னு அவிங்களுக்குத் தெரியுமா?"

"அவிங்க யாருன்னு எனக்கும் தெரியாதே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கத்தினேன், அழுதேன், சோறு வேண்டாம் என்றேன். கடைசியில், "சரி, சொல்லிக்குடு" என்று இறங்கி வந்தாள். தலைக்கவசத்தை மாட்டிவிட்டு முதல் பாடமாகத் திட்டச் சொன்னேன்.

"நாசமாப் போன்னு சொல்லு."

"நாசமாப் போங்க."

"ங்க வேண்டாம்க்கா!"

"வாய் வர மாட்டேங்குது புள்ள. நாசமாப்... அய்யோ, எதுக்கு நாசமாப் போகோணும்? நல்லபடியாப் போங்க."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பச்சை விளக்கு கொஞ்சமும் மங்காமல் சுவரில் ஒளி அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளை மாற்ற முடியாது. அதனால் நான் மாறுவதென்று முடிவு செய்தேன். சிவப்பு விளக்குக்காரியாகி, அவளுடைய வலப்பக்கம், ஒரு வண்டி முன்னால், தினமும் பல்லடம் வரை கூடவே போவேன். என்னைப் பார்த்து எல்லா வண்டிகளும் விலகும். என் மறைவில் அவளும் தப்பிப்பாள். இதுதான் என் கணக்கு.

சிவப்பாவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு சுகம் என்றும் தெரியாது. ஹாரனில் கை வைத்தால் எடுக்க மனம் வரவில்லை. வாயில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. முந்த வந்தவனை முந்த விடவில்லை. தலையசைத்தவர்களுக்குத் திருப்பி அசைக்கவில்லை. மஞ்சளாகி, ஆரஞ்சாகி, ஆடி பிறப்பதற்குள் என் விளக்கு சிவந்துவிட்டது. பள்ளிக்குள் நுழையும்போது தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்வேன். உள்ளே போய், "வழி விட்டவருக்குத் தலையசையுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பேன்.

சாலையில் மட்டும் நான் மகாராணி. கன்டெய்னர் லாரிகள் எனக்குப் பாதி சாலையை விட்டுவிட்டுப் போயின. சுல்தான்பேட்டை ரோட்டில் ஒரு டேங்கர் எனக்குப் பயந்து மண்ணில் இறங்கி ஏறியது. அக்கா அதற்கும் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டாள்.

"எல்லாரும் உன்னயக் கண்டு பயப்படறாங்க ரிது. எனக்கே பயமா இருக்குது."

"இருக்கட்டும். என் பின்னாலயே வா. எங்கயும் நிக்காதே. யாருக்கும் எதுவும் சொல்லாதே."

"சரி கண்ணு."

அவள் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள்தான். ஆனால் அன்று, பல்லடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பு காற்றில் பறந்து சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டாள். கண்ணாடியைப் பார் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே. அவள் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கி, "ஏம்மா, சேலை! சேலை!" என்று குரல் கொடுத்தது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் ஓரமாக நிறுத்தித் தலைப்பைச் செருகிக்கொண்டாள். அக்கா என்னைப் பிடிப்பதற்காகத் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

வலது பாதையில் பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் வந்தது. நடுத்திட்டில் இருந்த இடைவெளி வழியாக ஆடுகள் சாலைக்கு இறங்கின. வண்டி இடது பக்கம் வந்தே ஆக வேண்டும். சற்றுத் தள்ளிப் போய் ஒடித்தால் முன்னால் நான், உடனே ஒடித்தால் பின்னால் அக்கா. என் இடப்பக்கம் பரந்த மண்தரை. ஒதுங்க வேண்டுமானால் ஒரு பஸ்ஸே ஒதுங்கலாம். அக்காவின் இடப்பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓடைப்பாலம். ஆனால் அதெல்லாம் பாதைமதிக்கு அப்புறம்தான். என் பக்கம் திரும்பியிருந்தால், நான் விலகுவேன் என்று அதற்கு என்ன நிச்சயம்? விலகவே மாட்டேன் என்று அல்லவா அதற்கு நாள்தோறும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அது என்னைப் பார்த்து ஒதுங்கியது. அக்கா பக்கம் போனது.

எல்லாவற்றையும் நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். அவள் பிரேக்கைப் பிடித்தபடி இடது கையைத் தூக்கினாள். போங்க சாமி என்கிற அந்தக் கை. பிறகு வண்டியோடு பாலத்தின் ஓரத்துக்கு விலகினாள். அதற்குப் பிறகு கண்ணாடியில் சாலை மட்டும் இருந்தது. கன்டெய்னர் நிற்காமல் என்னைக் கடந்து, எனக்குத் தாராளமாக இடம் விட்டுப் போனது.

நான் ஓடைக்குள் இறங்கியபோது அவளிடம் உயிர் இல்லை. தலைக்கவசம் உடையவில்லை. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. என் காதுக்குள் பாதைமதியின் இனிய குரல் பேசியது: "உங்கள் பாதையில் ஓர் ஒதுங்கல். விபத்து ஏதும் இல்லை. பயணத்தைத் தொடரலாம்."

நான் அதைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளாலும், ஒரு ங்க இல்லாமல் திட்டினேன். என் விளக்கு இன்னும் சிவந்திருக்கும்.

போலீஸ்காரர் ரொம்ப மரியாதையானவர். "லாரி தொடவே இல்லீங்களே, அவிங்களாத்தானே எறங்கியிருக்காங்க. யார் மேல கேஸ் போடறதுங்க?" என்று கேட்டார். சங்கத்திலிருந்து பெரிய மாலை வந்தது. 'பண்பின் சிகரம்' என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். உறவுக்காரர்கள் எனக்குச் சித்தப்பிரமை என்று பேசிக்கொண்டார்கள்.

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்லி எல்லாரையும் சிவப்பாக்கி அனுப்பலாம் என்றும் நினைத்தேன். ஆனால் தர்ஷன் சொன்ன நல்ல பிசாசு நினைவுக்கு வந்தது. நான் யாரைக் காப்பாற்றினாலும், அவருக்குப் பக்கத்தில் போகிற இன்னொருவர் ஓடைக்குள் போவார். எனக்குக் காப்பாற்ற வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அவளும் இல்லை. புது மாத வகுப்பு தொடங்கியபோது மைதானத்துக்குப் போனேன். "சைடு ஸ்டாண்டை எடுங்கள்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த வாரத்தில் காளியண்ணன் பள்ளிக்கு வந்தார். துக்கம் கேட்க வீட்டுக்கு வர மனம் வரவில்லை என்றார்.

"உங்கக்கா சொன்னாங்களே, எல்லாருக்கும் வீட்டுல ஆள் காத்துட்டிருப்பாங்கன்னு. அது என்னய என்னமோ பண்ணிப்போட்டுதுங்க. ஹாரனே அடிக்கறதில்லை இப்ப. யார் வந்தாலும் போங்கன்னு விட்டுடறேன். பாருங்க."

கவசம் மாட்டிய தலையைத் திருப்பிக் காட்டினார். பின்மண்டையில் பச்சை, இளம் பச்சை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு அவருக்கு.

"அவிங்க நெனப்பா இதைக் காப்பாத்தோணும்ங்க. என்ற பேத்தி தெனமும் பாத்துட்டு, தாத்தா பச்சை தாத்தா பச்சைன்னு கூத்தாடுது."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த மனிதரைச் சிவப்பாகவே விட்டிருந்தால் நூறு வயது இருந்திருப்பார். இப்போது சொன்னாலும் பழைய ஆள் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார். ஹாரனைத் தேடிய கட்டைவிரல் அப்படியேதான் இருந்தது. ஆனால் மனத்தின் ஒரு மூலை வேறு கணக்குப் போட்டுவிட்டது. நானும் அவரும் ஒரே ரோட்டில் போகிறவர்கள். நான் சிவப்பு. என் பக்கத்தில் ஒரு பச்சை இருக்கிறவரை எந்த லாரியும் என் பக்கம் வராது. நான் பச்சையாக்கி அனுப்பும் ஒவ்வொருவரும் எனக்குக் கவசம். சங்கம் ஏன் இந்தப் பள்ளியை நடத்துகிறது என்பது எனக்கு அந்த நொடியில்தான் முழுதாகப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

"நெம்ப நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன். "இப்படியே ஓட்டுங்க."

இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம். அவர் ஸ்டாண்டை எடுத்து, கண்ணாடி பார்த்து, தலையையும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. கொஞ்ச தூரத்தில் சாலை வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு வண்டிதான் நுழைய முடியும். பின்னால் ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டது. காளியண்ணன் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கி, இடது கையைத் தூக்கினார். அக்காவிடம் கற்றுக்கொண்ட அதே கை.

"போங்க மேடம், நீங்க மொதல்ல போங்க."

நான் போனேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.